மனக்காயத்துக்குச் சிகிச்சை: சிங்கப்பூரில் எங்கே, எப்படித் தொடங்குவது

சாலை விபத்து, வேலையிடத்தில் கண்ணெதிரே நடந்த மரணம், கணவனின் அடி, சிறு வயதில் உறவுக்காரர் ஒருவர் செய்த தொந்தரவு. இப்படி ஒன்றைத் தாண்டி வந்தவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் முதலில் கேட்பது "இதை எப்படி மறக்கிறது?" என்றுதான். மறக்க வைப்பது சிகிச்சையின் வேலையில்லை. நினைவு வரத்தான் செய்யும். வரும்போது உடம்பு அந்த நாளுக்கே திரும்ப ஓடாமல் இருந்தால் போதும். இது பிடிபடாதவர்கள் நல்ல சிகிச்சையையும் நான்காவது வாரத்திலேயே "இன்னும் மறக்கலையே" என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது வரிசை. பாதுகாப்பும் நிதானமும் முதலில், நினைவைத் தொடுவது பிறகு, அன்றாட வாழ்க்கைக்கும் உறவுகளுக்கும் திரும்புவது அதற்கும் பிறகு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வகுத்துச் சொன்ன இந்த மூன்று கட்டங்களே இன்றும் பல சிகிச்சையாளர்களின் அடிப்படை. முதல் கட்டத்தை மாதக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை என்று இப்போது பலர் சொல்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அடிப்பவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு பழைய அடிகளின் நினைவை ஆற்ற முடியாது. அங்கே முதல் சிகிச்சை, பாதுகாப்பான இடம்.

உயிருக்கு ஆபத்து என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 அல்லது மனநலக் கழகத்தின் 6389 2222, இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும். தற்கொலை முயற்சி இங்கே 1-1-2020 முதல் குற்றமில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து உதவியைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் ஒரு மாதம்

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தூக்கம் கெடுவதும், அழுகை வருவதும், சத்தம் கேட்டால் தூக்கிவாரிப்போடுவதும் இயல்பு. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். இந்தக் காலத்தில் செய்ய வேண்டியவை எளியவை: நேரத்துக்குச் சாப்பாடு, முடிந்தவரை ஒரே நேரத்தில் படுக்கை, நம்பிக்கையான ஒருவர் கூட இருப்பது, மதுவைத் தவிர்ப்பது. விபத்தின் வீடியோ வாட்ஸ்ஆப்பில் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தக் குழுவை மௌனமாக்குங்கள், யாராவது அனுப்பினாலும் திறக்க வேண்டாம்.

செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. நடந்த மறுநாளே எல்லோரையும் உட்காரவைத்து "மனசுல இருக்கிறதெல்லாம் கொட்டிடு" என்று ஒரே அமர்வில் பேசவைப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அது பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிறகு தணியாமல் நீடிக்கும் மனநோய்) வராமல் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம். பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவரை விட்டுவிடுங்கள்.

ஒரு மாதம் கடந்தும் நான்கு வகை அறிகுறிகள் நீடித்து, வேலையையோ வீட்டையோ பாதித்தால் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். முதல் வகை, கேட்காமலே வரும் நினைவும் கெட்ட கனவும். இரண்டாவது, தவிர்த்தல்: விபத்து நடந்த பேருந்து நிறுத்தத்தைப் பார்க்காதிருக்க இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி வெயிலில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, "எல்லாம் என் தப்பு", "யாரையும் நம்ப முடியாது" என்ற எண்ணங்களும் மனம் மரத்துப்போவதும். நான்காவது, உடம்பு எந்நேரமும் விறைப்பாக இருப்பது: குக்கர் விசிலுக்குக்கூடத் திடுக்கிடுவது, எரிச்சல், தூக்கமின்மை.

பிசிஎல்-5 என்ற 20 கேள்வித் தாள் இதை அளக்க உதவும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31 முதல் 33க்கு மேல் வந்தால் முழு மதிப்பீடு தேவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணே நோயறிதல் ஆகிவிடாது. சிகிச்சையின்போது சில வாரங்களுக்கு ஒருமுறை அதே தாளை நிரப்பினால் இறக்கம் தெரியும், அதில்தான் அதன் பெரிய பயன்.

நம்மவர்களில் நிறையப் பேருக்கு இது உடம்பு வழியாகவே தெரியவரும். நெஞ்சு படபடப்பு, தலை கிறுகிறுப்பு, வயிற்றைப் பிசைவது என்று மருந்தகம் மருந்தகமாக அலைவார்கள். இசிஜி சரியாக இருக்கிறது என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டால், அடுத்த மருத்துவரிடம் நடந்த சம்பவத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். விவரம் வேண்டாம். "ஆறு மாசம் முன்னாடி ஒரு விபத்து, அதுல இருந்துதான் இப்படி" என்பது போதும்.

யாரிடம் போவது

செலவு குறைந்த வழி பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). அங்குள்ள மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்து அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சலுகைக் கட்டணம் கிடைக்கும். நேராக நிபுணரிடம் போனால் அந்தச் சலுகை கிடைக்காது. இந்த ஒரு கடிதத்தைத் தவறவிட்டுப் பல மடங்கு செலவழிப்பவர்கள் ஏராளம். குறை என்னவென்றால் காத்திருப்பு. பெயர் பதிந்த அன்றே, யாராவது ரத்து செய்தால் தங்களை அழைக்கும்படி கேட்டு வையுங்கள். தனியாரிடம் காத்திருப்பு குறைவு, ஆனால் ஓர் அமர்வுக்கு 150 வெள்ளிக்கு மேல் ஆவது சகஜம்.

குடும்பச் சேவை நிலையங்களில் ஆலோசனை இலவசம். தமிழில் பேச வேண்டும் என்பவர்கள் பீட்டி ரோட்டில் உள்ள சிண்டாவை (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) 1800 295 4554 என்ற எண்ணில் கேட்கலாம். குடும்ப வன்முறைக்கு 1800 777 0000, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அவேர் அமைப்பின் 6779 0282. 16 முதல் 30 வயதுவரை உள்ளவர்களுக்கு சாட் என்ற சேவையில் மதிப்பீடு இலவசம். எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் தேசிய மனநல உதவி எண் 1771.

தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் அமைப்பின் 24 மணி நேர எண் 3129 5000. தமிழில் பேசலாமா என்று முதலிலேயே கேளுங்கள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் பெர்மிட் போய்விடுமோ என்ற பயம்தான் இவர்களை வாய் திறக்க விடாமல் செய்கிறது. பேசியது முதலாளிக்குப் போகுமா என்பதையும் அந்த முதல் அழைப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மனநல மருத்துவர் மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், பேச்சு சிகிச்சை தருவார். ஆலோசகர் ஆறுதலும் வழிகாட்டலும் தருவார், ஆனால் கீழே சொல்லப்போகும் சிகிச்சைகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும், எல்லா ஆலோசகர்களுக்கும் அது இருப்பதில்லை. மருத்துவர் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும், உளவியலாளர் என்றால் சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டிலும் பெயரைத் தேடிப் பாருங்கள். பிறகு மூன்று கேள்விகள்: "பிடிஎஸ்டிக்கு எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? சுமார் எத்தனை அமர்வு ஆகும்? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள்?" மூன்றுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது. இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஏர்கான் பழுது பார்ப்பவரிடம் இதைவிட அதிகமாகக் கேட்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் வீட்டு ஆளை உட்காரவைக்காதீர்கள். அண்ணன் முன்னால் தங்கை சொல்ல முடியாத விஷயம் இருக்கும். மகன் மொழிபெயர்த்தால் அம்மா பாதியை விழுங்கிவிடுவார். அலுவலக ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவருக்கும் அந்தச் சம்பவம் தமிழில் நடந்திருந்தால், அந்தப் பகுதியைத் தமிழிலேயே சொல்ல அனுமதி கேட்கலாம். ஆங்கிலத்தில் சொல்லும்போது உணர்ச்சி விலகி நிற்பதும் உண்டு.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போவதை நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளர் நல்ல சிகிச்சையாளர் இல்லை. அதே நேரம் "பேய் பிடிச்சிருக்கு, செய்வினை" என்று ஆறு மாதம் மந்திரிப்பதில் போய்விட்டால், அந்த ஆறு மாதத்தில் தவிர்க்கும் பழக்கம் வேரூன்றிவிடும்.

வேலை போய்விடுமோ என்பது இன்னொரு பயம். வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநல நிலையை அறிவிக்கச் சொல்லக்கூடாது என்பது 2020 முதல், அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டியில் இருக்கிறது. காப்புறுதிப் படிவம் வேறு சங்கதி. அதில் மருத்துவ வரலாறு கேட்பார்கள், மறைத்தால் பின்னால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

நிதானப் பயிற்சி

நினைவைத் தொடும் முன் பொங்கி வரும் உடம்பைத் தணிக்கக் கற்க வேண்டும். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது பொதுவான பயிற்சி. தினம் இரண்டு வேளை, ஐந்து நிமிடம். பதற்றம் வந்த பிறகு முதன்முறையாகச் செய்து பார்த்துவிட்டு "வேலைக்கு ஆகல" என்பார்கள். நிதானமாக இருக்கும்போது பழகியிருந்தால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும்.

கழுத்து நெரிக்கப்பட்டவர், நீரில் மூழ்கித் தப்பியவர் போன்றோருக்கு மூச்சைக் கவனிப்பதே பீதியைக் கிளப்பக்கூடும். அவர்கள் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு, இரு பாதங்களையும் தரையில் அழுத்தி, சுற்றிலும் பார்க்கும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லலாம். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடிப்பதும் புளிப்பு மிட்டாயை வாயில் போடுவதும் உதவும். சட்டைப்பையில் கோடாலித் தைலம் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்து ஒருமுறை மோந்தால் போதும், எம்ஆர்டி நெரிசலிலும் யாருக்கும் தெரியாது. அந்த வாசனையே சம்பவத்தோடு ஒட்டியிருந்தால், அதாவது அன்று அடிபட்டவருக்கு அதைத்தான் தடவினார்கள் என்றால், வேறு வாசனை பாருங்கள்.

நினைவைத் தொடும் சிகிச்சைகள்

நன்றாக ஆராயப்பட்டவை மூன்று. பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் உங்கள் சிகிச்சையாளருக்கு நன்றாகத் தெரிந்ததையே எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. ஈட்னா ஃபோவா உருவாக்கியது. 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் பெரும்பாலும் 90 நிமிடம். கண்ணை மூடி, சம்பவத்தை இப்போது நடப்பது போல முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்க வேண்டும். இதில்தான் சிங்கப்பூரில் சிக்கல்: மூன்றறை வீவக வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது எங்கே உட்கார்ந்து கேட்பது? அறைக்குள் காதுக்கருவி போட்டுக்கொண்டு, கதவில் "முக்கால் மணி நேரம் தொந்தரவு வேண்டாம்" என்று சொல்லி வைக்கலாம். முடியாவிட்டால் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒதுக்குப்புறமான பெஞ்சு. பேருந்திலும் எம்ஆர்டியிலும் வேண்டாம், கேட்டு முடித்து உடம்பு தணிய இடம் வேண்டும். வாகனம் ஓட்டும்போது அறவே கூடாது.

இதன் இன்னொரு பாதி, தவிர்த்து வந்த இடங்களுக்கு ஏணிப்படியாகத் திரும்புவது. சாரத்திலிருந்து சக ஊழியர் விழுந்ததைப் பார்த்த ஒருவரின் பட்டியல் இப்படி இருக்கலாம், பதற்றம் 0 முதல் 100வரை. கைத்தொலைபேசியில் சாரத்தின் படம் பார்ப்பது 20. சாலையின் எதிர்ப்புறம் நின்று கட்டுமானத் தளத்தைப் பார்ப்பது 35. தளத்தின் வாசல்வரை போவது 50. நண்பரோடு தரைமட்டத்தில் சாரத்தின் அடியில் நிற்பது 65. பாதுகாப்பு வாருடன் முதல் மட்டம் ஏறுவது 80. ஒவ்வொரு படியிலும் 30 முதல் 45 நிமிடம், அல்லது பதற்றம் பாதியாகக் குறையும்வரை நிற்க வேண்டும். ஐந்தே நிமிடத்தில் ஓடி வந்துவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தேன் என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த முறை பயம் கூடும். உண்மையில் ஆபத்தான இடம் பட்டியலில் இருக்கவே கூடாது. வார் இல்லாமல் ஏறுவது துணிச்சலும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

இரண்டாவது சிபிடி (CPT), பெட்ரீசியா ரெசிக் உருவாக்கிய சிந்தனை சீராக்கும் முறை. வழக்கமாக 12 அமர்வு. சம்பவத்தை விவரமாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இதில் இல்லை என்பதால் வெட்கமும் குற்ற உணர்வும் மேலோங்கியவர்களுக்கு இதை முதலில் யோசிக்கச் சொல்வோம். முதல் வீட்டுப்பாடம், "இது ஏன் நடந்தது என்று நினைக்கிறேன், அதன்பின் என்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் என்ன நம்புகிறேன்" என்று ஒரு பக்கம் எழுதுவது. தமிழிலேயே, பேசுவது போலவே எழுதலாம். அதிலிருந்து சிக்கிக்கொண்ட வாக்கியங்களைப் பொறுக்குவார்கள். உதாரணமாக: "நான் அன்னைக்கு ஓவர்டைம் போகச் சொல்லாம இருந்திருந்தா அவன் உயிரோட இருந்திருப்பான்."

ஒரு தாளில் மூன்று பத்தி. நடந்தது: "ஓவர்டைம் போகச் சொன்னேன், அவன் விழுந்தான்." எனக்கு நானே சொல்லிக்கொள்வது: "நான்தான் கொன்னேன்." உணர்வது: குற்ற உணர்வு, 90. இப்போது கேள்விகள். சொன்ன நேரத்தில் உனக்கு என்ன தெரியும்? பலகை ஆடுகிறது என்று தெரியுமா? வேறு யார் யாருக்குப் பொறுப்பு இருந்தது? இந்தத் தீர்ப்பை உன் தங்கை மகன் மேல் எழுதுவாயா? "உன் மேல தப்பில்லைப்பா" என்று பிறர் நூறு முறை சொல்லியும் இறங்காதது, தானே எழுதிப் பார்க்கும்போது இறங்குகிறது. நம்மிடம் அடிக்கடி வரும் வாக்கியம், "போன ஜென்மத்துப் பாவம், அனுபவிக்கிறேன்." இங்கே தத்துவ விவாதம் பயனில்லை. நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த நம்பிக்கை அடித்தவனின் பொறுப்பைத் துடைத்துவிடுகிறதா என்று மட்டும் கேட்டால் போதும்.

மூன்றாவது ஈஎம்டிஆர். ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987இல் தொடங்கியது, எட்டு கட்டங்கள் கொண்டது. நினைவின் மோசமான காட்சியை மனதில் வைத்துக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் இடம் வலமாக அசைவதைக் கண்ணால் தொடர வேண்டும். ஒரு சுற்று சுமார் அரை நிமிடம், பிறகு "இப்ப என்ன தோணுது?" பதற்றம் 0 முதல் 10வரை அளக்கப்படும். கண்ணசைவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டைதான், சிகிச்சை பலன் தருகிறது என்பதில் இல்லை. அமர்வு முடிந்த இரண்டொரு நாள் கனவு அதிகம் வரலாம், அந்த இரவில் நைட் ஷிப்ட் போட்டுக்கொள்ள வேண்டாம்.

3 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளுக்கு இதற்கென்று வடிவமைத்த சிகிச்சை உண்டு, பெற்றோரும் கூடவே கற்கிறார்கள். பள்ளி ஆலோசகரிடமிருந்து தொடங்குங்கள். சிறு வயதில் வருடக்கணக்கில் நடந்த கொடுமை என்றால் கணக்கே வேறு: உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவது, சுயமதிப்பு, உறவுகள் மூன்றும் அடிபட்டிருக்கும். 12 அமர்வில் முடிந்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

மருந்து

செர்ட்ரலின், பராக்செட்டின் இரண்டும் பிடிஎஸ்டிக்கு அதிகம் பயன்படுபவை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடுவது பொதுவான தவறு. நன்றாக இருக்கிறதே என்று திடீரென நிறுத்துவதும் தவறு, மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும். டயாசிபாம், அல்பிராசோலாம் போன்றவை அன்றிரவு தூக்கம் தரும், ஆனால் பழக்கமாகிவிடும், பிடிஎஸ்டி நீடிக்கவும் காரணமாகலாம். ஊரிலிருந்து யாராவது பையில் கொண்டு வந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

நடுவில் தடுமாறும் இடங்கள்

மூன்றாவது, நான்காவது அமர்வுவாக்கில் அறிகுறி கொஞ்சம் கூடுவது வழக்கம். இத்தனை நாள் தள்ளி வைத்ததைத் தொடத் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த வாரம் வராமல் இருக்க மனம் நல்ல நல்ல சாக்குகள் சொல்லும்: தீபாவளி ஷாப்பிங், பிள்ளைக்கு பிஎஸ்எல்இ, ஓவர்டைம். ரத்து செய்யத் தோன்றினால், ரத்து செய்யாமல் போய் அதையே சொல்லுங்கள். அறிகுறி கூடியது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தாலும், தன்னையே காயப்படுத்தும் எண்ணம் வந்தாலும் வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் முதல் அமர்விலேயே கொட்டிவிட்டு, அடுத்த வாரம் வெட்கத்தில் வராமல் போவதும் அடிக்கடி நடப்பது. முதல் அமர்வில் தலைப்பு போதும்.

வீட்டார் "மறந்துட்டு வேலையைப் பாரு", "வெளியில சொல்லாத, மானம் போயிடும்" என்பதை நிறுத்தினாலே பாதி உதவி. அந்த இடத்துக்குத் தாங்களே போய்வருவது, எல்லா ஃபோனையும் தாங்களே எடுப்பது என்று தவிர்த்தலுக்குத் துணைபோவதும் அன்பில் செய்யும் தவறு. "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு, அவர் பட்டியலில் உள்ள படிக்குக் கூட நடந்து போங்கள். இரவில் அலறி எழுந்தால் தொட்டு உலுக்காதீர்கள். விளக்கைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன கிழமை, எந்த வீடு என்று சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் நினைவு நாளை ஒட்டியோ, அதே மாதிரி விபத்துச் செய்தி வரும்போதோ சில நாள் ஆட்டம் காணலாம். நாட்காட்டியில் அந்த வாரத்தை முன்கூட்டியே குறித்து, மேலதிக வேலை எதுவும் ஒத்துக்கொள்ளாமல், பழைய தாள்களையும் ஏணிப் பட்டியலையும் எடுத்து வையுங்கள். இரண்டு வாரத்தில் இறங்காவிட்டால் அதே சிகிச்சையாளரிடம் இரண்டு மூன்று அமர்வு கேளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் உங்கள் கோப்பு மூடப்பட்டிருந்தால், மீண்டும் பலதுறை மருந்தகத்திலிருந்து புதிய கடிதம் வாங்க வேண்டியிருக்கும்.